பழைய வீட்டோடு ஒரு புது அறை: ஒட்டியும் ஒட்டாமலும்

100 வருடத்துக்கு மேல் நின்ற ஒரு வீட்டோடு புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினால், ஒன்றிரண்டு வருடத்தில் விரிசல் வர நிறைய வாய்ப்பு உண்டு. அது எங்கே வரும் என்றுகூட முன்கூட்டியே கை காட்டிவிடலாம்: பழைய சுவரும் புதுச் சுவரும் சந்திக்கும் கோட்டில். உடனே கொத்தனாரைக் குறை சொல்வார்கள், சிமெண்ட் வைத்துப் பூசுவார்கள், அடுத்த வருடம் அதே இடம் திரும்பவும் வாய் திறக்கும். கொத்தனார் நல்ல வேலைக்காரராகவே இருந்திருக்கலாம். வெவ்வேறு வயதுடைய இரண்டு கட்டடங்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டியதுதான் காரணம். பழைய வீட்டின் தோற்றத்தைக் காப்பது வேறு, அதன் சுவரைக் காப்பது வேறு என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் விடை பெரும்பாலும் அந்தச் சந்திப்புக் கோட்டில்தான் இருக்கிறது.

மண்ணிலிருந்து தொடங்குவோம். களிமண் மீது எடை ஏறினால் அதன் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், அது போகப் போக மண் அமுங்கும், மேலே நிற்கும் கட்டடமும் கூடவே இறங்கும். களிமண்ணுக்குள் தண்ணீர் மிக மெதுவாகத்தான் நகரும் என்பதால் இது முடிய வருடக்கணக்கில் ஆகும். இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் மண் பொறியியலின் முன்னோடி கார்ல் டெர்சாகி, 1925இல். மணல் அப்படியில்லை, கட்டக் கட்டவே பெரும்பகுதி இறங்கிவிடும். பழைய வீடு தன் இறக்கத்தை எப்போதோ முடித்துவிட்டது. நீங்கள் கட்டும் அறை இனிமேல்தான் தொடங்கப் போகிறது. இரண்டையும் செங்கல்லுக்குச் செங்கல் கோத்துக் கட்டிவிட்டால், இறங்குகிற சுவர் இறங்காத சுவரைப் பிடித்து இழுக்கும், வலுவில்லாத இடம் கிழியும்.

அதோடு முடியவில்லை. அஸ்திவாரத்தின் எடை நேர் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் பரவிக்கொண்டே போகும். புது அஸ்திவாரம் பழையதை ஒட்டி இருந்தால் அந்த எடையில் ஒரு பங்கு பழைய சுவரின் அடி மண்ணுக்கும் போய்ச் சேரும், அமைதியாக இருந்த அந்த ஓரம் மறுபடியும் இறங்கத் தொடங்கும். பழைய வீடுகளின் அஸ்திவாரம் பல நேரம் ஆழமே இல்லாமல், அடியில் சில வரிசைச் செங்கல்லை அகலமாக வைத்த அளவில்தான் இருக்கும். அதன் பக்கத்திலேயே அதைவிட ஆழமாக ஒரு நீளக் குழி வெட்டுவது ஆபத்து, ஏனென்றால் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து நிற்கும் மண்ணையே எடுத்துவிடுகிறீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சுமார் ஒரு மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி, கட்டி நிரப்பியபின் அடுத்ததற்குப் போவார்கள். இன்னும் நல்ல வழி, புது அஸ்திவாரத்தைப் பழைய சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, தரையை மட்டும் பீம் மேல் முன்னால் நீட்டி வருவது. புதுப் பகுதியை மரத்திலோ எஃகுச் சட்டத்திலோ எடை குறைவாகக் கட்டினால் இறக்கமும் குறையும். கனமான கான்கிரீட் கட்டினால்தான் உறுதி என்ற எண்ணம் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

அப்புறம் வெப்பம். கான்கிரீட் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் ஏறக்குறைய 10 லட்சத்தில் 10 பங்கு நீளும், சுட்ட செங்கல் சுவர் சுமார் 6 பங்குதான் நீளும். 10 மீட்டர் நீளம், 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் கான்கிரீட் 3 மில்லிமீட்டரும் செங்கல் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவும் நகரும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் இது ஒவ்வொரு வருடமும் போய் வந்துகொண்டே இருக்கிறது. சூளையிலிருந்து வந்த புதுச் செங்கல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிச் சில வருடங்களுக்கு நிரந்தரமாக, மிகச் சிறிய அளவில் பெருக்கும். கான்கிரீட்டோ உலர உலரச் சுருங்கும். புது மரம் காயும்போது குறுக்குவாட்டில் சில சதவீதம் வரை சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது. அதனால்தான் முதல் நாள் பழைய தரைக்குச் சரிமட்டமாக இருந்த புது மரத்தளம் ஒரு வருடம் கழித்துக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. பழைய வீட்டின் செங்கல்லும் மரமும் இந்த முதல் பெருக்கத்தையும் சுருக்கத்தையும் முன்பே கடந்துவிட்டவை.

ஆக, நகர்வைத் தடுக்க முடியாது, அதற்கு இடம்தான் கொடுக்க வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை ஒரே நேர்கோட்டில் ஒரு சிறு இடைவெளி விட்டு, அதை நெகிழும் பொருளால் அடைப்பார்கள். சுவர்கள் காற்றுக்கு ஆடாமல் இருக்க உலோகப் பிடிகள் உண்டு, ஆனால் அவை மேலும் கீழும் வழுக்கிச் செல்ல விடும். மழை விஷயத்திலும் இதே கதைதான். இரண்டு கூரைகள் சந்திக்கும் இடத்தை ஒரே தகட்டால் மூடி இரு பக்கமும் ஆணி அடித்தால் தகடு கிழியும். மேல் தகட்டைப் பழைய சுவரிலும் கீழ் தகட்டைப் புதுக் கூரையிலும் பொருத்தி, ஒன்றின் மேல் ஒன்று படிந்து வழுக்கும்படி விட வேண்டும். மேல் தகட்டைச் செருகச் செங்கல்லையோ கல்லையோ வெட்டாதீர்கள், இடையிலுள்ள சாந்தைச் சுரண்டிச் செருகுங்கள். சாந்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், செங்கல் போனால் போனதுதான்.

சாந்து என்றதும் சிமெண்டைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு பழைய வீடுகளைக் கெடுப்பதில் அதற்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். அது பரவுவதற்கு முன் கட்டிய செங்கல், கல் வீடுகளில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான் இருக்கும். சுண்ணாம்புக்கல்லை சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும், தண்ணீர் ஊற்றினால் அது நீறும், மணலோடு சேர்த்துச் சுவரில் வைத்தால் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் மெதுவாக மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். அப்படி உருவான சாந்து மென்மையானது, நிறையத் துளைகள் உள்ளது. மென்மைதான் அதன் பலம். சுவர் கொஞ்சம் அசைந்தால் சாந்தில் மயிரிழை விரிசல்கள் வரும், உள்ளே வரும் தண்ணீர் மிச்சமுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுபோய் அந்த விரிசல்களிலேயே படிய வைக்கும், சின்ன விரிசல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

ஓதத்தையும் அது அப்படித்தான் கையாள்கிறது. பல பழைய சுவர்களின் அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் துளைகள் வழியாக மேலேறும், சாந்தின் வழியாகக் காற்றில் ஆவியாகும், ஈரத்தோடு வந்த உப்பும் சாந்திலேயே படிகமாகும். பல பத்தாண்டுகளில் சாந்து உதிரும், அதை மட்டும் மாற்றினால் போதும். இங்கே சிமெண்ட் வைத்தால் ஈரத்துக்கு அந்த வழி அடைபடுகிறது. அது செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், உப்பு செங்கல்லின் முகப்புக்குச் சற்று உள்ளே படிகமாகும், படிகம் வளரும் அழுத்தத்தில் முகப்பு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். சாந்து அப்படியே இருக்கும், செங்கல் குழிந்து போயிருக்கும். முழுச் சுவரையும் சிமெண்டால் பூசினால் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் உயரமாக ஏறும். அதனால் புது அறையை எதில் வேண்டுமானாலும் கட்டுங்கள், பழைய சுவரைத் தொடும் இடங்களில் மட்டும் சுண்ணாம்புச் சாந்தையே கேளுங்கள். பழையதற்கு ஒத்துவராத புதுப்பொருளை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏதென்ஸின் பார்த்தனான் கோயில் பெரிய சாட்சி: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் தலைமையில் நடந்த சீரமைப்பில் கற்களை இரும்புப் பிடிகளால் இணைத்தார்கள், இரும்பு துருப்பிடித்துப் பருத்தது, பளிங்கு வெடித்தது. பழங்கால கிரேக்கர்களும் இரும்புப் பிடிதான் போட்டார்கள், ஆனால் அதைச் சுற்றி ஈயம் ஊற்றி மூடியிருந்தார்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் பலானோஸின் பிடிகளை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று.

சரி, தோற்றத்துக்கு வருவோம். பழையதை அச்சு அசலாக நகலெடுத்துக் கட்டுவதுதான் மரியாதை என்று நினைப்பது இயல்பு, ஆனால் பழங்காலக் கட்டடங்களைக் காப்பதற்காக 1964இல் உருவான சர்வதேச நெறியான வெனிஸ் சாசனம், தவிர்க்க முடியாத புது வேலை தன் காலத்தின் முத்திரையோடு தனித்துத் தெரிய வேண்டும் என்கிறது. நகல் கச்சிதமாக அமைந்துவிட்டால் எது பழைய வீடு என்றே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. அமெரிக்காவின் உள்துறை வகுத்த சீரமைப்பு நெறிகள் இன்னும் இரண்டு விஷயம் சேர்க்கின்றன: புதியது வேறுபட்டுத் தெரியும் அதே நேரம் பழையதோடு இசைந்தும் இருக்க வேண்டும், நாளைக்கு அதை எடுத்துவிட்டால் மூல வீட்டின் அடிப்படை வடிவம் கெடாமல் இருக்க வேண்டும்.

இசைவது என்றால் என்ன? சன்னல்களைப் பாருங்கள். கல்லும் செங்கல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது, அதனால் சன்னலுக்கு மேலே போடும் கல் அதிக அகலத்துக்குப் போக முடியாது. வளைவு போட்டாலும் அது பக்கவாட்டில் தள்ளும், அதைத் தாங்க இரு பக்கமும் கனமான சுவர் வேண்டும். பழைய வீட்டுச் சன்னல்கள் உயரமாகவும் குறுகலாகவும், இடையில் நிறையச் சுவரோடும் இருப்பது முதலில் எடை தாங்குவதற்காகத்தான், அழகு கூடவே வந்தது. பக்கத்தில் ஒரு செங்கல் சுவரில் நாலு மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி வைத்தால் கண்ணுக்கு உறுத்துவது இதனால்தான். அலங்கார வேலைப்பாட்டை நகலெடுப்பதைவிட, திறப்புக்கும் சுவருக்கும் உள்ள விகிதம், சன்னல் சுவருக்குள் எவ்வளவு ஆழத்தில் விழுகிறது, கூரையின் சரிவு இவற்றைப் பின்பற்றுவது பல மடங்கு பலன் தரும். புதுச் சுவரைப் பழைய முகப்பிலிருந்து ஒரு முழமாவது பின்தள்ளி, கூரை உச்சியையும் தாழ்த்தினால், பழைய வீட்டின் மூலை முழுதாகத் தெரியும், அங்கே விழும் நிழல் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இடம் இருந்தால் என் தேர்வு எப்போதும் இணைப்பு நடைதான்: பழைய வீட்டுக்கும் புதுப் பகுதிக்கும் நடுவே குறுகலான, தாழ்வான, எடையில்லாத ஒரு நடை. அஸ்திவாரம் தானாகத் தள்ளிப் போகிறது, கூரைச் சந்திப்பு சிறிதாகிறது, பின்னால் அகற்றுவதும் சுலபம். உள்ளே போகும் வழிக்குப் புதிதாகச் சுவரை உடைக்காமல், ஏற்கெனவே உள்ள ஒரு சன்னலைக் கீழே இறக்கி வாசலாக்கலாம். மேலிருந்து வரும் எடை சன்னலின் இரு பக்கமும் பிரிந்து போய்விடுவதால் சன்னலுக்குக் கீழேயுள்ள சுவர்த் துண்டு பெரிதாக எதையும் தாங்குவதில்லை, மேலேயுள்ள கல்லைத் தொடவே வேண்டாம்.

எல்லா இடத்திலும் விலகி நிற்பதே சரி என்றும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் ஆஸ்ட்லி கோட்டை 1978இல் தீப்பிடித்து இடிபாடாகிப் போனது. பிறகு மிஞ்சிய கற்சுவர்களுக்குள்ளேயே ஒரு வீட்டைக் கட்டினார்கள், அதற்கு 2013இல் கட்டடக்கலைக்கான ஸ்டிர்லிங் பரிசு கிடைத்தது. அங்கே புதுச் செங்கல் பழைய கல்லோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது, விழப்போன சுவர்களைத் தாங்கிப் பிடிக்க அதுவே தேவைப்பட்டது. ஆனாலும் எது பழசு, எது புதுசு என்பதைத் தையல் போல வெளிப்படையாகக் காட்டிவிட்டார்கள்.

கட்டி முடிந்தபின் பலரும் கவனிக்காத ஒன்று, நேற்றுவரை வெளிச்சுவராக இருந்தது இன்று உள்சுவர். வெயிலும் காற்றும் பட்டு உலர்ந்துகொண்டிருந்த சுவர் அது. அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். சுவர்ப் பரப்பில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். சுண்ணாம்பு வெள்ளை போதும், அல்லது வெறும் சுவராகவே விட்டுவிடலாம். குளியலறை, சமையலறையைப் புதுப் பகுதிக்கு மாற்றிவிட்டால் குழாய்களும் நீராவியும் பழைய சுவர்களை விட்டு வெளியேறும், எனக்குத் தெரிந்து கூடுதல் கட்டடத்தால் பழைய வீட்டுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான்.

வேலையைத் தொடங்கும் முன், இருக்கிற விரிசல்களின் குறுக்கே அளவுக்குறிகளை ஒட்டி, மழையும் வெயிலும் ஒரு சுற்று வந்துபோகும் வரை மாதாமாதம் அளந்து எழுதி வையுங்கள். போய்த் திரும்பி வருகிற விரிசல் வெப்பத்தாலும் ஈரத்தாலும் வருவது, ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போவது அஸ்திவாரம் இன்னும் இறங்குகிறது என்பதற்கான அறிகுறி. பொறியாளர் இடைவெளியின் அகலத்தை முடிவு செய்யும்போது அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.