அடைப்பு வேறு, நிறுத்தம் வேறு

"பதினாறு வயசுப் பெடியனுக்கு மாரடைப்பு வருமோ தம்பி?"

மகனின் அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. முல்லைத்தீவு வீதியோரத்தில் ஒரு கிராமம். சந்தியில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலித் தாளில், பிள்ளையின் படத்துக்குக் கீழே 'மாரடைப்பால்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தச் சொல் அவருக்குப் பொருந்தவே இல்லை. சீனி வருத்தமும் பிறசரும் உள்ள, ஐம்பது அறுபது வயது கடந்தவர்கள் நெஞ்சைப் பொத்திக்கொண்டு கதிரையில் சாய்வதுதான் அவர் கண்ட மாரடைப்பு.

பிள்ளை உதைபந்தாட்டப் பயிற்சியில் நின்றவன். யாரும் இடிக்கவில்லை, பந்துகூட அவன் காலில் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவன் இரண்டடி தள்ளாடிக் குப்புற விழுந்தான். கைகால் இழுத்தது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கைக்குள் திணித்தார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். தொண்டைக்குள் கொறகொறவென்று இடைக்கிடை ஒரு இழுப்பு வந்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்றார்கள். ஓட்டோ பிடித்து வைத்தியசாலை வாசலுக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. அதுவரை அவன் நெஞ்சில் யாரும் கை வைக்கவில்லை.

அங்கே நின்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மயக்கம், வலிப்பு, மாரடைப்பு என்ற மூன்று சொற்கள்தான் அவர்களிடம் இருந்தன. அவனுக்கு நடந்தது அந்த மூன்றிலும் இல்லை. அதற்குரிய சொல் இதயநிறுத்தம். அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

முதலில் மாரடைப்பு. மார் என்பது மார்பு. மாரடித்து அழுவது என்று சொல்கிறோமே, அந்த மார். அடைப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் முடியுருநாடிகளில் ஒன்று அடைபடுவதுதான் இந்த நோய். ஆகவே அடைப்பு என்ற பாதி மிகச் சரியாக விழுந்திருக்கிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வேர்ப்பார், நெஞ்சு இறுக்குகிறது என்று வாயால் சொல்லுவார். கைக்கும் தாடைக்கும் நோ ஏறும். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேரம் கொஞ்சமாவது இருக்கும். 'அற்றாக்' என்று நாங்கள் பேச்சில் சொல்வதும் இதைத்தான்.

மற்றதில் அடைப்பு எதுவும் இருக்கவேண்டியதில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வாய்க்காலில் மண் சரிந்து அடைத்தால், அடைப்புக்கு அங்காலே உள்ள பாத்திகள் காயும். மிசின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது மாரடைப்பு. இன்னொரு நாள் வாய்க்கால் எல்லாம் சுத்தமாகவே கிடக்கிறது, ஆனால் மிசின் சும்மா உதறுகிறது, குழாயில் ஒரு சொட்டு இல்லை. அது இதயநிறுத்தம். வாய்க்காலில் அடைப்பு நீண்ட நேரம் கிடந்தால் மிசினும் கெட்டுப்போகலாம். அதுபோல மாரடைப்பு முற்றி இதயநிறுத்தத்தில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. வயது வந்தவர்களில் அப்படி நடப்பது அதிகம் என்பதால்தான் இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. இளம் பிள்ளைகளிலோ அடைப்பே இல்லாமல் நிறுத்தம் வருகிறது.

இதயத்தை ஓட்டுவது அதற்குள்ளேயே பிறக்கும் சின்ன மின் துடிப்பு. மேலே சோணையறைப் பக்கம் தொடங்கி, கீழே இதயவறைகளுக்கு வரிசையாக இறங்கும். அந்த ஒழுங்கு குழம்பினால் இதயவறையின் தசைநார்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் துடிக்கும். தூண்டில் போடப் போகிறவன் சிரட்டைக்குள் வைத்திருக்கும் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் நெளியும், ஆனால் சிரட்டை அசையாது. அப்படித்தான் இதயம் நெளிந்துகொண்டிருக்கும், இரத்தம் நகராது. பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு தப்பும். மூளைக்கு இரத்தம் போகாததால் கைகால் கொஞ்சம் இழுக்கும். தொண்டையில் அந்தக் கொறகொற இழுப்பும் வரும். அது மூச்சுப் போலக் கேட்கும், மூச்சு அல்ல. எங்கள் மைதானத்தில் நின்றவர்களை ஏமாற்றியது அந்தச் சத்தம்தான்.

சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் கார்டியாக் அரெஸ்ட். கார்டியாக் என்பது கிரேக்கத்தின் 'கார்டியா'விலிருந்து வந்தது, இதயம் என்று பொருள். எங்கள் இதயமும் இருதயமும் வடமொழி 'ஹ்ருதய'த்தின் தமிழ் வடிவங்கள். கார்டியாவும் ஹ்ருதயமும் தொலைவில் ஒரே வேரைச் சேர்ந்தவை என்பது மொழியியலாளர் கருத்து. அரெஸ்ட் என்றதும் எங்களுக்குப் பொலிஸ்தான் நினைவுக்கு வரும். கைது என்ற சொல் அரபு மொழியில் விலங்கு, தளை என்று பொருள்படும் 'கைத்' என்பதிலிருந்து வந்தது. 'இதயக் கைது' என்று இயந்திரம் மொழிபெயர்த்த தாள் ஒன்று ஒருமுறை என் கைக்கு வந்தது. அதை எந்தப் பிள்ளையிடமும் கொடுக்க முடியாது என்று எடுத்து வைத்துவிட்டேன். அரெஸ்டின் அடியில் கிடப்பது தளை அல்ல. பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போனால் 'ஸ்தாரே' என்ற வினையில் போய் முட்டும். அதன் பொருள் நிற்பது. தமிழில் நில் என்பதும் அதுவேதான். எழுந்து நில் என்கிறோம், ஓடாதே நில் என்றும் சொல்கிறோம். ஆகவே நில் என்ற வேரிலிருந்து எடுத்த 'நிறுத்தம்' மூலச் சொல்லின் கருத்தோடு அப்படியே பொருந்துகிறது.

இலக்கணம் தெரிந்த நண்பர் ஒருவர் இதில் ஒரு தடை எழுப்பினார். நில் தன்வினை, நிறுத்து பிறவினை. நிறுத்தம் என்றால் யாரோ நிறுத்தியதாக ஆகிறதே, இதயம் தானாகத்தானே நின்றது என்றார். நியாயமான கேள்விதான். 'இதயம் நின்றுபோதல்' என்று எழுதினால் அந்தச் சிக்கல் வராது. ஆனால் அந்தப் 'போதல்' என் காதில் கனமாக விழுகிறது. பால் திரிந்துபோனது, விளக்கு அணைந்துபோனது, ஆள் செத்துப்போனார். போ என்ற துணைவினை வந்தால் கதை முடிந்தது என்றே எங்கள் காது எடுத்துக்கொள்கிறது. நிறுத்தம் அப்படியல்ல. வேலைநிறுத்தம் என்கிறோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபோது வன்னியில் இருந்தவர்கள் அந்தச் சொல்லை எப்படிக் கேட்டோம்? நின்றிருக்கிறது, மறுபடி தொடங்கலாம் என்றுதான். அங்கே அது பயமாக இருந்தது, இதயத்தில் அதுவே நம்பிக்கை. நின்ற இதயம் மறுபடி ஓடலாம் என்பதைத் தன்னுள் வைத்திருக்கும் சொல் என்பதால், பிறவினைக் குறையோடும் நான் நிறுத்தத்தையே எடுக்கிறேன். பஸ் தரிப்பிடத்தை நினைத்து 'இதயத் தரிப்பு' என்று எழுதலாமா என்றும் ஒரு நாள் யோசித்தேன். கருத்தரிப்பு நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

முன்னால் 'திடீர்' வேண்டுமா, 'சடுதி' வேண்டுமா என்று கேட்கிறார்கள். இரண்டும் சரி. எங்கள் நாட்டில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்று ஒரு பதவி உண்டு. அந்தத் திடீர் மரணத்தின் முன்னால் நின்றே பழகிவிட்டது. அதை இழுத்து நிறுத்தத்தின் முன்னால் வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 'இதயச் செயலிழப்பு' என்பதை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது இதயம் மெல்ல மெல்லப் பலம் குறைந்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மாதக்கணக்கில் ஆண்டுக்கணக்கில் நீளும் வேறொரு நோய்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்வது எங்களுக்குப் புதிதும் அல்ல. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1864 முதல் மேற்கு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கிக்கொண்டார். எங்கள் பள்ளிப் புத்தகங்களில் சோணையறை, இதயவறை, நாடி, நாளம் என்று அழகான சொற்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டார் தமனி, சிரை என்பார்கள். அறைக்கும் குழாய்க்கும் இவ்வளவு நேர்த்தியான பெயர்களை வைத்துக்கொண்டு, அந்த உறுப்பு நிற்கும் கணத்தை மட்டும் தவறான பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது? சிலருக்கு இதயத்தசை அளவுக்கு மீறித் தடிக்கும் பரம்பரைக் கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்குத் தசையில் பிழை இல்லை, மின் ஓட்டத்தில்தான் பிழை. சிலருக்கு முடியுருநாடி பிறக்கும்போதே இடம் மாறிப் புறப்பட்டிருக்கும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத்தசை அழன்று போயிருக்கவும் கூடும். காய்ச்சல் விட்ட மறுநாளே மரதன் ஓட விடக்கூடாது என்பது இதனால்தான். மின் கோளாறுகளில் ஒரு வகை, நீந்தும்போது துடிப்பைக் குழப்பும். குளக்கட்டில் வளர்ந்த, நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை குளத்தில் தாண்டுபோனான் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ஊர் அதற்கு முனி அடித்தது என்று பெயர் வைத்துவிடும். பிலிப்பீன்சில், நித்திரையில் திடீரென இறக்கும் இளைஞர்களுக்குக் கெட்ட கனவு என்று பொருள்படும் 'பங்குங்கோட்' என்ற சொல்லையே வழங்கிவந்தார்கள். 1992இல் புருகாடா சகோதரர்கள் விபரித்த மின் கோளாறு அந்த மரணங்களில் பலவற்றுக்கு விளக்கம் தந்தது. எங்கள் முனிக்கும் சில வீடுகளில், இதயத்தின் மின் துடிப்பைப் பதியும் ஈசிஜித் தாளில் விளக்கம் கிடைக்கக்கூடும்.

நோயே இல்லாத பிள்ளைக்கும் ஒரு வழியில் வரலாம். கடினப்பந்து நெஞ்சின் நடுவில் படுகிறது. பலத்த அடியாக இருக்கத் தேவையில்லை. ஒரு துடிப்புக்குள் விநாடியின் நூறில் சில பங்கு நேரம் மட்டும் இதயம் ஏமாந்த நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் பட்டால் போதும். லத்தீனில் இதற்கு 'கொமோஷியோ கோர்டிஸ்' என்று பெயர், இதயத்தின் கலக்கம் என்று பொருள். தமிழில் கலக்கம் மனதுக்குப் போய்விட்டதால், 'நெஞ்சதிர்வு நிறுத்தம்' என்று எழுதுவேன். 2023 ஜனவரி 2இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹம்லின் மைதானத்தில் விழுந்தது இதனால்தான். அங்கேயே நெஞ்சை அமுக்கினார்கள்; பிழைத்தார், மறுபடி விளையாடினார்.

எங்கள் பெடியள் எல்லோருக்கும் தெரிந்தது டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டம். எறிந்த பந்தை வாங்கப் போனவர் அப்படியே விழுந்தார். சக வீரர்கள் சுற்றி நின்று மறைக்க, உள்ளே நெஞ்சை அமுக்கி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் உலகக் கிண்ணத்தில் ஆடினார். 2003இல் லியோனில் விழுந்த கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ உயிர் தப்பவில்லை. மின்னதிர்ச்சி இதயத்தை ஓட வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது குழம்பிய துடிப்பை ஒரு கணம் முழுதாக அடக்கிவிடுகிறது. பிறகு இதயம் தானே தன் தாளத்தைப் பிடிக்கிறது. அந்த அதிர்ச்சி பிந்தும் ஒவ்வொரு நிமிடமும், நெஞ்சமுக்கலும் இல்லாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 வரை போய்விடுகிறது. அரை மணித்தியாலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை வன்னியின் பள்ளி மைதானம் எதிலும் நான் கண்டதில்லை. எங்களிடம் இருப்பது கைகள்தான்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழியுண்டு. வெயிலில் காலைக்கூட்டத்தில் நின்று மயங்குவது வேறு. ஓடும்போதே மயங்கி விழுவது வேறு. இரண்டாவது நடந்தால் அந்தப் பிள்ளை ஈசிஜி எடுக்காமல் மறுபடி ஓடக்கூடாது. வீட்டில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தாலும் அப்படித்தான். இத்தாலியில் 1982 முதல், போட்டி விளையாட்டில் இறங்குகிறவர்கள் ஈசிஜியோடு கூடிய பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும். எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னால் குறைந்தது அந்த இரண்டு கேள்விகளையாவது கேட்கலாம்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. "அடைக்கேல்லை அம்மா, இதயம் சடுதியா நிண்டது" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன்ர தேப்பனும் முப்பத்தஞ்சிலை இப்பிடித்தான் தம்பி" என்றார். பதின்மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அடுத்த கிழமையே கிளிநொச்சிக்குக் கூட்டிப்போனோம். இப்போது அவளுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக், நாளுக்கு ஒரு குளிசை.

சனிக்கிழமைகளில் பெடியளுக்கு நெஞ்சமுக்கல் பழக்குகிறேன். உரப்பைக்குள் உமியை இறுக்கி அடைத்து, மேலே நெஞ்செலும்பு இருக்கும் இடத்தில் கரியால் கோடு போட்டிருக்கிறேன். முழங்கை மடங்காமல், வளர்ந்த பிள்ளைக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முதல் நாள் எல்லோரும் பயந்து பயந்து தடவுவார்கள். உமி சரசரக்கும் அளவுக்கு அமத்தச் சொல்லவேண்டும். தொலைபேசியில் பேசவும் பழக்குகிறேன். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து "ஒராள் மயங்கிட்டார்" என்று சொல்ல விடுவதில்லை. "பெடியன் விழுந்தவன், கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு ஒழுங்கில்லை, இதயம் நிண்டிட்டுது, நெஞ்சை அமத்திக்கொண்டிருக்கிறம்" என்று சொல்லவேண்டும். பிறகு எந்த ஊர், எந்த மைதானம், எந்தச் சந்தியால் திரும்புவது. அதைச் சொல்லும் பிள்ளை சொல்லிக்கொண்டிருக்க, மற்றப் பிள்ளை அமத்துவதை நிறுத்தக்கூடாது.