பத்து விநாடிப் பெட்டிக்குள் எத்தனை பாட்டு?

அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான டி லா சோலின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' ஆல்பம் 1989-இல் வந்தது. அதில் 'ஐ நோ' என்ற பாட்டில் ஸ்டீலி டேன் என்ற ராக் குழு பாடிய ஒரு வரியும் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் விசிலும், அவரவர் பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி ஒட்டியவை, ஒன்றாக வரும். ஒரே மேடையில் நின்று பாடியதுபோல் அத்தனை பொருத்தம். வேறொரு இடத்தில் பிரெஞ்சு கற்றுத்தரும் இசைத்தட்டு ஒன்று குறுக்கே பேசும். எல்லாம் தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலும் குழுவும் சேர்ந்து செய்த குறும்பு.

வெவ்வேறு தட்டிலிருந்து வெட்டிய துண்டுகளுக்குச் சுருதி எப்படிச் சேரும்? தட்டை வேகமாகச் சுற்றினால் தாளம் மட்டுமல்ல, சுருதியும் ஏறும். ஏறத்தாழ 6 சதவீத வேகத்துக்கு அரை சுரம். ஒலித் துண்டுகளைப் பதிந்துவைத்து வேண்டியபோது வாசிக்கும் பெட்டியான சாம்ப்ளர், இதையே எண்களை வைத்துச் செய்கிறது.

அந்தக் காலத்து ஹிப்-ஹாப்பில் பேர்போன சாம்ப்ளர், 1987-இல் வந்த இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200. ஒலியை விநாடிக்கு சுமார் 26,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 4,096 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்ளும். (பொறியாளருக்கு அந்த ஒற்றை அளவுதான் சாம்பிள்; ஹிப்-ஹாப்காரருக்கோ பாட்டின் ஒரு துண்டு.) நினைவகம் மொத்தமே பத்து விநாடிதான். ஒரு துண்டு இரண்டரை விநாடியைத் தாண்டக் கூடாது.

அங்கேதான் ஒரு தந்திரம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றவேண்டிய தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவார்கள். 1.35 மடங்கு வேகம். இரண்டரை விநாடிக்குள் கிட்டத்தட்ட 3.4 விநாடி இசை அடங்கிவிடும். அப்புறம் பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள்.

சரி, 1.35 மடங்கு நீட்ட எண்கள் எங்கிருந்து வரும்? புதிதாக எதுவும் வராது. ஏறத்தாழ மூன்றுக்கு ஒரு எண்ணை எந்திரம் இரண்டு முறை வாசிக்கும், அவ்வளவுதான். வழவழப்பாக இருந்த ஒலி அலை படிக்கட்டாகிவிடும். அந்தப் படிகளின் விளிம்பிலிருந்து மூலப் பாட்டில் இல்லாத கூர்மையான ஒலிகள் கிளம்பும்.

இப்படிச் செய்த பாட்டு ஒன்றை ஹெட்போனில் கேட்டு, டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். சிம்பல் ஒலியில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் ஒரு சொரசொரப்பு. கணக்குப்படி அது பிழை. ஆனால் அதைச் சுத்தம் செய்துவிட்டால் டிரம்ஸ் சப்பென்று ஆகிவிடும் என்பது என் கட்சி. எண்களுக்குப் பஞ்சமில்லாத இன்றைய மென்பொருள்களில்கூட, அதே சொரசொரப்பை வேண்டுமென்றே சேர்க்க ஒரு தனிப் பொத்தான் இருக்கிறது.