அறை, கரண்ட், பிராட்பேண்ட் மட்டும் உங்களுடையது என்று யாராவது சொன்னால்

போன ஆனி மாதம் காரிமங்கலத்தில் இருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்தவன். "அண்ணா, இந்த மெஷினுக்கு ஒரு யுபிஎஸ் போடணும், எவ்வளவு ஆகும்?" என்று போனை நீட்டினான். படத்தில் டிவிடி பிளேயர் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகக் குட்டி ஆன்டெனாக்கள். எண்ணிப் பார்த்தேன், 32 இருந்தன. பக்கத்தில் ஒரு டிபன் டப்பா நிறைய சிம் கார்டு. பெட்டி உட்கார்ந்திருந்த மேசையையும் பின்னால் இருந்த கண்ணாடித் தடுப்பையும் பார்த்ததுமே எனக்கு இடம் தெரிந்துவிட்டது. அவனுடைய அப்பா நடத்திய எஸ்டிடி பூத் அது. 1996-இல் அந்த பூத்துக்கு லைன் இழுத்து மீட்டர் மாட்டியவன் நான்.

"என்ன தொழில்டா இது?"

"இன்டர்நெட் காலிங் ஃபிரான்சைஸ்ண்ணா. மெஷினும் சிம்மும் அவங்களே அனுப்பிட்டாங்க. ரூம், கரண்ட், பிராட்பேண்ட் மட்டும் நம்மது. மாசம் 40,000 தர்றாங்க. நாளைக்கு ஆன் பண்ணணும்."

கடையைச் சாத்திவிட்டு அவன் வண்டியிலேயே ஏறிக் காரிமங்கலம் போனேன். அந்தப் பெட்டிக்கு சிம் பாக்ஸ் என்று பெயர். செய்தித்தாளில் "சட்டவிரோத தொலைபேசி இணைப்பகம்" என்று போடுகிறார்களே, அது இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக லைன் வேலை பார்க்கிறேன். படித்துவிட்டு ஒசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறாமல் சொந்த ஊரிலேயே ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகளைத்தான் இந்த வலை குறிவைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருந்து நம் ஊர் மொபைலுக்கு ஒரு அழைப்பு வந்தால், அதை நாட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும், உரிமம் பெற்ற சர்வதேச தொலைதூர சேவை கம்பெனி இங்குள்ள மொபைல் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 35 பைசா முதல் 65 பைசா வரை தர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் வைத்த கணக்கு இது. உள்நாட்டு அழைப்புக்கு இப்படிக் கொடுக்கும் கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இந்த இடைவெளிதான் திருடர்களின் மூலதனம். துபாயில் இருந்து வரும் அழைப்பை இன்டர்நெட் வழியாகக் காரிமங்கலம் அறைக்குக் கொண்டுவந்து, பெட்டியில் இருக்கும் ஒரு அன்லிமிடெட் சிம்மில் இருந்து உள்ளூர் அழைப்பாகத் திருப்பிவிடுகிறார்கள். ஒரு சிம் நாளைக்கு 5 மணி நேரம் பேசினால் 32 சிம்முக்கு 9,600 நிமிடம். நிமிடம் 25 பைசாவுக்கு விற்றாலும் நாளைக்கு 2,400 ரூபாய், மாதம் 72,000. இவனுக்கு 40,000 கொடுத்தாலும் அவர்களுக்கு மிச்சம்தான். இப்படி எத்தனை ஊரில் எத்தனை பெட்டியோ.

ஊத்தங்கரையில் இருக்கும் அம்மாவுக்கு மகன் சவுதியில் இருந்து கூப்பிடுவது இந்தப் பெட்டி வழியாக வந்தால், போனில் அவன் நம்பருக்குப் பதில் வேறு மாநிலத்து நம்பர் ஒன்று விழும். கூப்பிட்டது மகனாக இருக்கிற வரை பரவாயில்லை. "உங்க பேர்ல பார்சல் பிடிபட்டிருக்கு" என்று போனில் போலீஸ் வேஷம் போடுகிறவனும் இதே பெட்டி வழியாக வருவான். அவன் எந்த நாட்டில் இருந்து பேசினான் என்று பிற்பாடு தேடினால் தடம் அந்தப் பழைய பூத்தில் வந்து நின்றுவிடும். அங்கே அறை ஒப்பந்தம் யார் பேரில்? பிராட்பேண்ட் யார் பேரில்? கரண்ட் பில் யார் பேரில்? மெஷின் அனுப்பியவனுக்கு ஒரு வாட்ஸ்அப் நம்பரைத் தவிர எந்த முகவரியும் கிடையாது.

தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42-ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு ஆள் பேரில் 9 சிம்தான் இருக்கலாம் என்பதும் சட்டம். அப்படியிருக்க அந்த டிபன் டப்பாவில் இருந்த சிம்களெல்லாம் யாருடைய ஆதாரில் வாங்கியவை?

இன்டர்நெட்டில் பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் இன்டர்நெட் போன் பேச்சுக்கு 2002 ஏப்ரலிலேயே அனுமதி வந்துவிட்டது. 2018-இல் விதியை மாற்றி, உரிமம் பெற்ற கம்பெனிகள் ஆப் வழியாகவே நம்பரோடு போன் சேவை தரலாம் என்றார்கள். வாட்ஸ்அப்பில் இருந்து வாட்ஸ்அப்புக்குப் பேசுவதில் ஒரு தடையும் இல்லை. வெளிநாட்டில் இருந்து இன்டர்நெட்டில் வந்த பேச்சை உரிமம் இல்லாதவன் இங்குள்ள போன் நம்பருக்குள் இறக்கிவிடுவதுதான் குற்றம். முறையாகச் செய்ய சர்வதேச தொலைதூர சேவை உரிமம் வேண்டும். யூனிஃபைட் லைசென்ஸ் (தொலைத்தொடர்புத் துறையின் ஒருங்கிணைந்த உரிமம்) முறையில் அதற்கு நுழைவுக் கட்டணம் மட்டுமே 2.5 கோடி ரூபாய். 2.5 கோடி கட்ட வேண்டிய தொழிலை ஒருவன் பத்துக்குப் பத்து அறையில் தொடங்கச் சொல்கிறான் என்றால் யோசிக்க வேண்டாமா?

பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் நல்ல மனதோடு என்னிடம் ஒன்று கேட்டார்கள். துபாய் ஆபீஸில் இருந்து இன்டர்நெட்டில் ஆலையின் போன் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஆலை லைனிலேயே இங்குள்ள விவசாயிகளைக் கூப்பிட முடியுமா என்று. தொழில்நுட்பப்படி அரை மணி நேர வேலை. ஆனால் அதுவும் சுங்கச்சாவடியைச் சுற்றிக் காட்டுப் பாதையில் போவதுதான், சிம் பாக்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. துபாய் ஆபீஸும் ஆலையும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு மட்டும் இணைத்துக் கொடுத்தேன். அது தாராளமாகச் செய்யலாம்.

சரி, அப்படியானால் நம் ஊரில் செய்ய என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் மூன்றும் சேர்கின்றன. பெரிய கம்பெனிகளின் ஃபைபர் இந்தச் சாலைகளின் ஓரமாக நம் காலடியில்தான் போகிறது. அதில் இருந்து பேண்ட்வித்தை, அதாவது இன்டர்நெட் கொள்ளளவை, மொத்தமாக வாங்கிச் சில்லறையாக வீடுகளுக்குக் கொடுப்பது முறையான தொழில். அதற்கான ஐஎஸ்பி (இன்டர்நெட் சேவை நிறுவன) உரிமத்தில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. ஏ நாடு முழுக்க, பி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு (சர்க்கிள், தாலுகா இல்லை), சி அதற்குள் பிரித்து வைத்த சின்னப் பகுதியான ஒரு எஸ்எஸ்ஏவுக்கு. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் பிஎஸ்என்எல் கணக்கில் இரண்டும் சேர்ந்து தர்மபுரி எஸ்எஸ்ஏதான். ஆக, ஒரே சி உரிமத்தில் பென்னாகரத்தில் இருந்து தேன்கனிக்கோட்டை வரை சேவை தரலாம். யூனிஃபைட் லைசென்ஸ் முறையில் சி-க்கு நுழைவுக் கட்டணம் 20,000 ரூபாய். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில்.

உரிமம் இல்லாமல் செய்ய நினைத்தால் உரிமம் உள்ள கம்பெனியின் ஃபிரான்சைஸாக இருங்கள். வாடிக்கையாளர் படிவம் அவர்கள் பேரில், பில் அவர்கள் பேரில் போக வேண்டும். வீட்டு பிளான் ஒன்றை எடுத்து ஒரு சுவிட்ச் வைத்துத் தெருவுக்கே பிரித்துக் கொடுத்து வசூல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இணைப்பில் யாராவது ஒருவன் தப்பு செய்தால் போலீஸ் தேடி வருவது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான்.

மொத்த பேண்ட்வித் வாங்கும்போது விலையை மட்டும் பேசி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காவேரிப்பட்டணத்தில் கேபிள் டிவி நடத்தும் ஒருவர் 400 வீட்டுக்கு பிராட்பேண்ட் கொடுக்கத் தொடங்கினார். என் அனுபவத்தில் ராத்திரி 8 மணிக்கு மேல் ஒரு வீடு சராசரியாக 2 எம்பிபிஎஸ் இழுக்கும். 400 வீட்டுக்கு 800. அவரிடம் "1 ஜி, ஒன்றுக்கு ஒன்று" என்று, அதாவது யாரோடும் பங்கு போடாத 1,000 எம்பிபிஎஸ் என்று விற்றிருந்தார்கள். ஆனாலும் தினமும் ராத்திரி சண்டை. மூன்று நாள் கிராஃப் போட்டுப் பார்த்தோம். பகலில் கோடு ஏறி இறங்கியது. ராத்திரி 8.10-க்கு 550-இல் போய் முட்டி, வெட்டி வைத்த மாதிரி தட்டையாக 11 மணி வரை நின்றது. ஒரே பைப்பை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்கள். அந்தத் தட்டைக் கோட்டை அச்செடுத்து மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு இறங்கி வந்தது. ஒப்பந்தத்தில் ராத்திரி நேர வேகத்தை எழுதி வாங்குங்கள். கட்டாகிவிட்டால் எத்தனை மணி நேரத்தில் சரி செய்வார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பெனியிடம் வாங்கினால் ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று நினைப்போம். பல இடங்களில் இரண்டு கம்பெனி கேபிளும் ஒரே குழியில்தான் கிடக்கும். ஜேசிபி ஒரு தோண்டு தோண்டினால் இரண்டும் போய்விடும். ஒன்று ஒசூர் வழியாகப் பெங்களூருக்கும் மற்றொன்று தொப்பூர் வழியாகச் சேலத்துக்கும் போகிறதா என்று பாதை வரைபடம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

முதலே போட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் பிஎம் வாணி பொது வைஃபை திட்டத்தில் டீக்கடையோ ஜெராக்ஸ் கடையோ வைஃபை விற்கலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். வருமானம் சிறியதுதான், ஆனால் நேர்மையானது. 2020 நவம்பர் முதல் கால் சென்டர் நடத்தவும் தனிப் பதிவு தேவையில்லை. லைன் மட்டும் உரிமம் உள்ளவரிடம் வாங்கியதாக இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இளைஞர்களுக்கு நல்ல வாய்ப்பு ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஐபி பிபிஎக்ஸ் (இன்டர்நெட் வழியில் ஓடும் உள் தொலைபேசி இணைப்புப் பெட்டி) போட்டுப் பராமரிப்பதில்தான். ஒரு பேச்சுக்கு 90 கேபிபிஎஸ் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. கஷ்டம் பாதுகாப்பில்தான். ஒசூரில் ஒரு பட்டறையில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போன பிபிஎக்ஸில் 201-ஆம் எக்ஸ்டென்ஷனுக்குப் பாஸ்வேர்டும் 201. இன்டர்நெட் போன் பேச்சு உள்ளே வரும் 5060 போர்ட் என்ற வாசல் உலகத்துக்கே திறந்து கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனவர்கள் திங்கட்கிழமை வருவதற்குள், கேள்விப்படாத தீவு நாட்டு நம்பர்களுக்கு ஆயிரக்கணக்கான நிமிடம் ஓடியிருக்கிறது. மாதம் 4,000 கட்டுகிறவர்களுக்கு 2.7 லட்சம் பில். அந்த முதலாளி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "பூட்டின ரூம்ல யாருங்க பேசினது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. ஐஎஸ்டியை மூடி, நீளமான பாஸ்வேர்டு வைத்து, தேவையான முகவரிக்கு மட்டும் போர்ட்டைத் திறந்து, ஒரு நாள் செலவுக்கு உச்சவரம்பு போட ஒரு மதியம் போதும். அந்த ஒரு மதிய வேலையைத் தெரிந்து செய்கிற ஆட்கள் நம் பக்கம் குறைவு.

காரிமங்கலத்துப் பெட்டிக்கு வருகிறேன். நாங்கள் போனபோது அவன் அப்பா பூத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். பழைய மஞ்சள் போர்டு உள்ளே சாய்ந்து கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும், "நாம அப்ப ஒவ்வொரு காலுக்கும் பில் கிழிச்சுக் கொடுத்தோமேப்பா" என்றார். பெட்டியை ஆன் செய்யவே இல்லை. எழுத்தில் புகார் எழுதி, வாட்ஸ்அப் உரையாடல் மொத்தத்தையும் அச்செடுத்து, பெட்டியையும் சிம் டப்பாவையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், போலீஸ் வருவதற்கு முன் நீங்களாகப் போனால்தான் நீங்கள் புகார்தாரர்.

அன்றைக்கு ராத்திரியே தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவன் நம்பரைப் போட்டு, அவன் பேரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்தோம். "ஃபிரான்சைஸ் ஃபார்முக்கு" என்று ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்திருந்தான். அவனிடம் இருப்பது இரண்டு சிம். திரையில் ஆறு நம்பர் வந்தது. தெரியாத நான்குக்கும் "இது என் நம்பர் இல்லை" என்று ஒவ்வொன்றாக அழுத்தினான். கை நடுங்கியது.