நாலு சுவரும் ஒரு விதவையும்

ஆலோசகர் வேலைக்கு வந்த புதிதில், மனைவியை இழந்து மூன்று மாதமே ஆகியிருந்த ஒருவருக்கு, குழந்தையைப் பறிகொடுத்த கிசா கோதமியிடம் சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வரும்படி புத்தர் சொன்ன கதையைச் சொன்னேன். "எல்லார் வீட்லயும்தான் சாவு விழுது, நீ மட்டும் ஏன் அழுறேன்னு கேக்குறீங்க, அதானே?" என்றவர் எழுந்து போய்விட்டார். அப்புறம் வரவேயில்லை. கதை என்ன செய்யும்? அதை வைத்து அவர் வாயை அடைக்கப் பார்த்தது நான்தான்.

இப்போது நான் சொல்வது நம் நாட்டுப்புறக் கதை ஒன்று. ஒரு விதவை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நாலு பேரும் பாடாய்ப் படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லாமல் அவள் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது; அதற்கும் கேலி. ஒருநாள் ஊர்க்கோடியில் கூரையில்லாத பாழ்வீட்டுக்குள் போய், ஒரு சுவரிடம் மூத்த மகனைப் பற்றிச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு சற்று இளைக்கிறது. ஆளுக்கொரு சுவராக நாலும் விழுந்ததும் லேசாகி வீடு திரும்புகிறாள்.

சுவர்கள் புத்தி சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

துணையை இழந்தவர்கள் கூடும் எங்கள் குழுவில் இதைக் கேட்ட ஒரு பெரியவர், "எங்க வீட்டுச் சுவருக்குக் காது கேக்காதுங்க, டிவி ஓடிட்டே இருக்கு" என்றார். சிரித்தோம். சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லாதது காதில் விழக் கூடாது என்றுதான் டிவியைப் போட்டுவைக்கிறாராம். அப்புறம் அரைமணி நேரம் இறந்துபோன மனைவியைப் பற்றியே பேசினார். பெண்களுக்கு ஒப்பாரியாவது இருந்தது. ஆண்களைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலையைப் பார்க்கச் சொல்லிவிடுகிறோம்.

எமனிடம் வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரி கதையை மட்டும் துணையை இழந்தவர்களிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். "நான் சரியாப் பாத்துக்கலையோ" என்று ஏற்கெனவே மருகுகிறவர்கள் அவர்கள்.

கதை சிகிச்சைக்கு மாற்றில்லை. ஆறு மாதம் தாண்டியும் துக்கம் துளியும் தணியாமல் அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'நானும் போயிடலாம்' என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416; இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.