ஊதிப்போன ஜெலி எதைச் சொல்லிக்கொடுக்கிறது?

வெள்ளைத் தட்டில் நிற ரொபிகளை வட்டமாக அடுக்கி, நடுவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்ற, நிறங்கள் வானவில்லாக ஓடும் காணொளியைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதுதானே பிரசாரணம்?" என்று கேட்கும் பெற்றோர் அதிகம். இல்லை. ரொபியின் மேற்பூச்சில் உள்ள சீனியும் நிறமும் கரைகின்றன, கரைந்தது நீரில் பரவுகிறது, அவ்வளவுதான். பிரசாரணம் (osmosis) என்றால், நீரை விட்டுக் கரைந்ததைத் தடுக்கும் மென்சவ்வு ஒன்றைக் கடந்து, செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் போவது. இங்கே இடையில் மென்சவ்வு என்று எதுவும் கிடையாது. பரவலைக் காட்ட அருமையான சோதனை. ஆனால் அதையே பிரசாரணம் என்று சொல்லிக்கொடுத்தால், சாதாரண தர (O/L) வகுப்புக்கு வரும்போது அதைப் பிள்ளையின் தலையிலிருந்து எடுக்கப் பெரும்பாடு.

பிரசாரணத்துக்கு ஜெலி இனிப்பு பரவாயில்லை. ஒரே அளவில் மூன்று ஜெலிக் கரடிகள், கழுவிய யோகட் கப் மூன்று. ஒன்றில் சும்மா தண்ணீர். அடுத்ததில், இனிக் கரையாது என்னும் வரை உப்புப் போட்டுக் கலக்கிய தண்ணீர் (100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 36 கிராம் வரை கரையும், எனவே கரண்டிக் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம்). மூன்றாவது கப்பில் தண்ணீரே இல்லை. அடிமட்டத்தால் நீளத்தைப் பிள்ளையே அளந்து கொப்பியில் எழுதட்டும், அப்புறம் இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஜெலற்றின் 35 பாகை செல்சியசை அண்டும்போதே உருகத் தொடங்கும் என்பதால், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் காலையில் அளக்கக் கரடி இருக்காது, கூழ்தான் இருக்கும்.

உப்புக் கப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் "இனிப்பு தண்ணியில ஊதும்" என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஒரு தேக்கரண்டி உப்பு மட்டும் போட்டாலும் சிக்கல்: ஜெலியில் பெரும்பகுதி சீனியே என்பதால் அந்த மெல்லிய உப்பு நீரிலும் அது ஊதும். சுருங்கும் என்று எதிர்பார்த்த பிள்ளை குழம்பும்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள், உள்ளே செறிவு கூடவா வெளியே கூடவா என்று திருப்பிக் கேளுங்கள். நீர் தன் பங்கு அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகிறது என்பதைப் பிள்ளை தானாகவே பிடித்துவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஜெலிக்கு உண்மையான மென்சவ்வு இல்லை. ஜெலற்றின் வலை தானாகவே நீரை இழுக்கும், கொஞ்சம் சீனியும் வெளியே கசியும். 1748 இல் பிரான்சின் விஞ்ஞானி நொல்லே சாராயம் நிரப்பிய பன்றியின் சிறுநீர்ப்பையை நீரில் வைத்து அது வீங்குவதைப் பார்த்தார், அங்கே சவ்வு அசல். அதை வீட்டில் செய்ய முடியாது, சரி, பாயாசத்துக்கு வாங்கிய பிளம்ஸில் (உலர்ந்த திராட்சை) நாலை நீரில் போடுங்கள். அதற்குத் தோல் உண்டு, தாவரக் கலங்களாலான பழம் அது, விளக்கம் இன்னும் நேராக வரும். ஜெலற்றின் விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது என்பதால், சைவ வீடுகளில் பிளம்ஸ்தான் தோதும்கூட. பெக்ரின் சேர்த்த சைவ ஜெலிகள் நீரில் ஊதாமல் பெரும்பாலும் சிதைந்துவிடும்.

இதற்குப் பிறகு பேச எங்கள் யாழ்ப்பாணத்திலேயே நிறைய உண்டு. உப்பேறிய கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய பயிர், மண்ணில் ஈரம் இருந்தும் ஏன் வாடுகிறது என்று தீவகத்துப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், உப்புக் கப்பை நோக்கித்தான் கை நீட்டும். தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இதையே தலைகீழாகச் செய்கிறது: நீர் இயல்பாகப் போகும் திசைக்கு எதிராக, கடும் அழுத்தம் கொடுத்து, உப்பை மென்சவ்வின் ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டு நீரை மட்டும் மறுபக்கம் தள்ளுகிறார்கள்.

ஊறிய ஜெலியைச் சாப்பிட விடாதீர்கள். வழுவழுப்பாகப் பெருத்துப்போன அது சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கும், அதனால் தங்கச்சி தம்பி கைக்கு எட்டாத தட்டில் வைத்து, அளந்து முடிந்ததும் குப்பையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும்.