கன்று விழுந்தால் சொல்லுங்கள்: பட்டிக்காரர்களுக்கு ஒரு மிருக வைத்தியர் எழுதுவது

பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் புதிய ஆய்வு, புதிய பரிசோதனை முறை என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான். 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மிருக வைத்தியப் படிப்பு இன்றும் நாட்டில் அந்த ஒரு பீடத்தில்தான் உண்டு. நம் மட்டக்களப்புப் பக்கத்தில் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது. பாலும் தீவனமும் மாட்டினங்களும் பற்றி அங்கே படிப்பிக்கிறார்கள், ஆராய்கிறார்கள். இவர்கள் கண்டுபிடிப்பது எல்லாமே எங்கோ ஒரு பட்டியில் எடுத்த இரத்தத்தில், பாலில், விழுந்த கன்றில் இருந்துதான் தொடங்குகிறது. பட்டியில் இருந்து தகவல் வராவிட்டால் எவ்வளவு நல்ல ஆய்வுகூடம் இருந்தும் பயனில்லை. இதை நான் அதிகம் உணர்வது ஒரு நோயில். அதன் பெயர் புருசெல்லோசிஸ். மாடு கன்றை நாள் ஆகுமுன் போட்டுவிடும் நோய்.

கிருமி சினைமாட்டின் கருப்பையில் போய்த் தங்குகிறது. அங்கே எரித்ரிட்டோல் என்ற ஒரு சர்க்கரை இருக்கிறது. இந்தக் கிருமிக்கு அது மிகவும் பிடித்த தீனி. சினை வளர வளர அது கூடும், கிருமியும் பெருகும். அதனால்தான் ஐந்து மாதம் கடந்த சினைதான் பெரும்பாலும் விழுகிறது. ஏழு, எட்டு மாதத்தில் உரோமம் முளைத்த கன்று செத்து விழும். சில நேரம் உயிரோடு பிறந்து ஓரிரு நாளில் போய்விடும். நஞ்சுக்கொடி விழாமல் தொங்கும்.

அப்புறம் மாடு தேறிவிடும். மேயும், பால் தரும், அடுத்த முறை நல்ல கன்றே போடவும் கூடும். இந்த நோயின் பெரிய தந்திரமே இதுதான். அடுத்த கன்று உயிரோடு பிறக்கும்போதும் அந்த மாட்டின் கொடியிலும் பனிக்குட நீரிலும் பாலிலும் கிருமி வெளியே வந்துகொண்டிருக்கலாம். “மாடு நல்லாத்தானே இருக்கு டொக்டர்” என்று சொல்பவரிடம் நான் முதலில் விளக்க வேண்டியிருப்பது இதைத்தான்.

கன்று ஏன் விழுந்தது என்று கேட்டால் பட்டியில் பல காரணம் சொல்வார்கள். யானை துரத்தியது, இன்னொரு மாடு முட்டியது, தண்ணீர் இல்லாத காலம், பசி. இவற்றில் பொய் ஒன்றுமில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானை துரத்திக் கன்று விழுவதும் நடக்கிற காரியம்தான். ஆனால் ஒரே பட்டியில் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று சினை விழுந்தால், அதுவும் முதல் சினை பிடித்த நாகுகளில் விழுந்தால், யானை மேல் பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது. இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மலைநாட்டில் ஒரு வீட்டில் ஒன்றிரண்டு மாடு கொட்டிலில் நிற்கும். எந்த மாடு எப்போது சினை, எப்போது கன்று என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். நம் ஊர்ப் பட்டி அப்படியில்லை. பெரும்போக விதைப்பு தொடங்கியதும் மாடுகள் வயல்களை விட்டு மேற்கே போகின்றன. மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளில் பட்டிகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. குளம் ஒன்று, மேய்ச்சல் ஒன்று, எந்தப் பட்டியின் காளை எந்த மாட்டோடு சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்த கன்று பற்றைக்குள் கிடக்கும், நாய் ஒரு துண்டை இழுத்துக்கொண்டு அடுத்த பட்டி வரை போகும், அந்த இடத்துப் புல்லை வேறு மாடு நக்கும். நேரடி வெயில் பட்டால் இந்தக் கிருமி சில மணி நேரத்தில் செத்துவிடும். நிழலும் ஈரமும் இருந்தால் மாதக்கணக்கில் கிடக்கும். மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்கப் பட்டிகள் இன்னும் நெருங்குகின்றன. பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காகப் போராடுவதை நான் ஒரு நோய்த் தடுப்பு விடயமாகவும் பார்க்கிறேன்.

பட்டிகளில் என்னை அதிகம் கவலைப்படுத்தும் காட்சி ஒன்று உண்டு. கொடி விழாமல் மாடு நிற்கும். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முழங்கைக்கு மேல் வரை உள்ளே விட்டுக் கொடியைப் பிய்த்து எடுப்பார். விரல்களில் முள் கிழித்த கீறல், வேலி கட்டும்போது பட்ட வெட்டு. எடுத்து முடித்ததும் கையைக் குளத்துத் தண்ணீரில் அலசிவிட்டு வெற்றிலை மடிப்பார். கிருமி உடம்புக்குள் போக இதைவிட நேரான வழி இல்லை. தோலில் சின்னக் கீறல் போதும், கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் போதும். தோள் வரை வரும் பிளாஸ்ரிக் கையுறை போட்டுக்கொண்டுதான் நாங்கள் இந்த வேலையைச் செய்கிறோம். மிருக வைத்தியர்களுக்கும் இறைச்சிக் கடைகளில் வேலை செய்பவர்களுக்கும் இது தொழில்வழி நோய் என்று உலகெங்கும் அறியப்பட்டது. பட்டிக்காரருக்கும் அப்படித்தான். கர்ப்பிணிகளை இந்த வேலைக்குக் கிட்டவும் விடாதீர்கள். கொடியைச் சாக்கில் கட்டிப் பாலுள்ள மரத்தில் தொங்கவிடும் வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை, அது மாட்டின் மேல் உள்ள பாசத்தில் வந்தது. ஆனால் விழுந்த கன்றின் கொடியை அப்படித் தொங்கவிட்டால் காகமும் நாயும் அதைப் பிய்த்து ஊரெல்லாம் இறைக்கும்.

மனிதரில் இந்த நோய் காய்ச்சலாக வருகிறது. வரும், போகும், மறுபடி வரும். இரவில் பாய் நனைய வியர்க்கும். இடுப்பும் முழங்காலும் நோகும், வேலைக்குப் போக மனம் வராது, உடம்பு மெலியும். சில ஆண்களுக்கு விதை வீங்கும். நம் பக்கத்தில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு, வயலில் இறங்கியவர் என்றால் எலிக்காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள், அது சரியும்கூட. காய்ச்சல் வாரக்கணக்கில் இழுக்கிறது என்றால் வைத்தியரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “எங்களிடம் மாடு இருக்கிறது, அண்மையில் கன்று விழுந்தது.” அந்த ஒரு வரி, எந்தப் பரிசோதனைக்கு எழுத வேண்டும் என்பதையே மாற்றிவிடும். மருந்து உண்டு, ஆனால் வழக்கமாக ஆறு வாரம் அளவில் இரண்டு மருந்துகளைச் சேர்த்து எடுக்க வேண்டிவரும். காய்ச்சல் விட்டதும் இடையில் நிறுத்தினால் திரும்பி வந்துவிடும்.

மோல்டா தீவில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அங்கே இருந்த பிரித்தானியச் சிப்பாய்களை ஒரு நீண்ட காய்ச்சல் வாட்டியது. 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் அதற்குக் காரணமான கிருமியை அறிவித்தார். அவர் பெயரால்தான் இன்று புருசெல்லா என்கிறோம். கிருமி தெரிந்த பிறகும் அது எங்கிருந்து வருகிறது என்று பல வருடம் பிடிபடவில்லை. 1905இல் தெமிஸ்டொக்லிஸ் சாமிட் என்ற மோல்டா வைத்தியர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத, நன்றாகப் பால் தந்த ஆடுகளில் நோய் இருந்தது. அடுத்த வருடம் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள், முகாம்களில் காய்ச்சல் மளமளவெனக் குறைந்தது. “நல்லாத்தானே இருக்கு” என்ற பேச்சுக்குப் பதில் அன்றே கிடைத்துவிட்டது.

சரி, அப்படியானால் பாலே குடிக்கக் கூடாதா? தாராளமாகக் குடிக்கலாம், பொங்கக் காய்ச்சிய பிறகு. நம் ஊர்த் தயிருக்குப் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை போடுவதுதான் முறை. அந்த முறையில் செய்த எருமைத் தயிரைப் பற்றிப் பயம் வேண்டாம். பயம் வேண்டியது பட்டியில் கறந்த சூட்டோடு குடிக்கும் பச்சைப் பாலுக்குத்தான். பிள்ளைகளுக்குப் பலம் என்று அதைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பச்சைப் பாலையே உறைய வைத்தால் புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. கன்று போட்டதும் முதலில் வரும் கடும்புப் பாலை அவித்தே சாப்பிடுங்கள், கன்று விழுந்த மாட்டின் கடும்பு என்றால் அதுவும் வேண்டாம்.

பட்டியில் வைத்தே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. ரோஸ் பெங்கோல் சோதனை என்பார்கள். மாட்டின் கழுத்து நரம்பில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் நீரில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விடுகிறோம். பக்கத்தில் ரோஜா நிற மருந்து ஒரு துளி. இரண்டையும் குச்சியால் கலந்து நான்கு நிமிடம் தட்டை மெல்ல ஆட்டினால், நோயில்லாத மாட்டின் துளி அதே நிறத்தில் வழுவழுப்பாகவே இருக்கும். நோய் தொற்றிய மாட்டின் துளியில் ரவை போலத் துகள் துகளாகத் திரளும். பட்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தித் தட்டைக் காட்டினால் அதற்குப் பிறகு நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. இது முதற்கட்டச் சோதனைதான், திரண்டதை எல்லாம் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வேறு சோதனையால் உறுதி செய்ய வேண்டும். அந்த இடத்தில்தான் பேராதனை தேவைப்படுகிறது.

உறுதியானால் என்ன செய்வது என்பதுதான் கடினமான பேச்சு. மாட்டுக்கு ஊசி போட்டு இதை மாற்றிவிட முடியாது. கிருமி உடம்பின் கலங்களுக்குள் ஒளிந்துகொள்கிறது, மருந்து அங்கே போதிய அளவு எட்டுவதில்லை. இறைச்சிக்குக் கொடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய, அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அப்படியானால் அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள், காளையோடு விடாதீர்கள், சினை என்றால் கன்று போடும் நாளில் மற்ற மாடுகள் கிட்ட வராத இடத்தில் வையுங்கள். செய்யவே கூடாதது ஒன்று: விலை குறைத்து இன்னொருவருக்கு விற்பது. கன்று விழுந்த மாட்டைச் சொல்லாமல் விற்பதால்தான் ஒரு பட்டியின் நோய் ஓட்டமாவடியில் இருந்து பொத்துவில் வரை பயணம் போகக்கூடியதாக இருக்கிறது. வாங்குபவர்களும் விலை பேசுமுன் இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

தடுக்க வழி இருக்கிறது. எஸ்19 என்ற தடுப்பூசி. இதன் கதை வியப்பானது. 1923இல் அமெரிக்காவில் ஜோன் பக் என்ற ஆய்வாளர் ஒரு ஜேர்சி மாட்டின் பாலில் இருந்து எடுத்த கிருமி, ஆய்வுகூட மேசையில் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்து வீரியம் குறைந்துபோனது. அந்தக் கிருமியே பிறகு தடுப்பூசி ஆனது. நான்கு மாதம் முதல் எட்டு மாத வயது வரையான நாகு கன்றுக்கு ஒரு தடவை போடுவது வழமை. காளைக் கன்றுக்குப் போடுவதில்லை, சினைமாட்டுக்குப் போட்டால் சினையே விழலாம். வயது கடந்து போட்டால் பிறகு எடுக்கும் இரத்தச் சோதனையும் குழம்பும், நோயா தடுப்பூசியா என்று பிரிக்க முடியாமல் போகும். உயிருள்ள கிருமி என்பதால் ஊசி தவறிக் கையில் குத்தினால் மனிதருக்கே நோய் வரலாம், ஆகவே இதை நாங்கள்தான் போட வேண்டும். கட்டாக்காலியாகத் திரியும் பட்டியில் சரியான வயதுக் கன்றைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. உங்களால் முடிந்தது, கன்று பிறந்த மாதத்தை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. நாங்கள் வருகிற நாளில் கன்றுகளைக் காலையில் மேய விடாமல் பட்டிக்குள்ளேயே அடைத்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ரின்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோயைச் சொல்வேன். நீண்ட காலம் இலங்கையில் இல்லாதிருந்த அந்த நோய் 1987இல் மறுபடி வந்தது. அப்போது இங்கிருந்த இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். போர் நடந்த காலம், பாதை இல்லை, தடுப்பூசி கொண்டுபோவதே பாடு. அப்படியிருந்தும் 1994க்குப் பிறகு அந்த நோய் இங்கே காணப்படவில்லை. 2011இல் உலகத்தில் இருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் முற்றாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். ஆய்வுகூடம் நல்ல தடுப்பூசி கொடுத்தது. எந்த ஊரில் எந்தப் பட்டியில் மாடு விழுகிறது என்று சொன்னவர்கள் மாடு வைத்திருந்தவர்களும் களத்தில் நின்ற ஊழியர்களும்தான். என் துறையின் சாதனை என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன், அதில் பட்டிக்காரரின் பங்கையும் சேர்த்தே சொல்வேன்.

ஆகவே கன்று விழுந்த அன்றே உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். எத்தனையாவது சினை, எத்தனை மாதம், அந்த மாடு வாங்கியதா பட்டியில் பிறந்ததா, இந்த வருடம் வேறு எத்தனை விழுந்தது, இவ்வளவும் தெரிந்தால் போதும். நாங்கள் வரும்வரை கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, நாய் எட்டாதபடி மூடி நிழலில் வையுங்கள், மாதிரி எடுக்க அது வேண்டும். மாதிரி எடுத்த பிறகு ஆழமான கிடங்கில், மேலே சுண்ணாம்பு தூவி, குளத்துக்குத் தூரமாகப் புதைக்கலாம். விழுந்த இடத்துப் புல்லையும் வைக்கோலையும் அங்கேயே கொளுத்திவிடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கன்று விழுந்த உடனே எடுக்கும் இரத்தத்தில் சில நேரம் நோய் காட்டாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே மாட்டில் மறுபடி எடுக்க வருவோம், அதுவரை அந்த மாட்டை விற்காமல் தனியே கட்டி வையுங்கள்.