பெங்களூரில் குடியிருக்கும் தமிழரின் வாக்கு எந்த ஊரில்? வாக்காளர் பட்டியல் விதியும் பிற நாடுகளின் நடைமுறையும்

தமிழ்நாட்டிலிருந்து வந்து பெங்களூரில் வேலை பார்க்கும் பலருக்கு, குடும்பம் இங்கே வந்து, பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், வாக்கு மட்டும் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, பெங்களூர்த் தொகுதிகளுக்கு ஏப்ரல் 26, இரண்டுமே வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை தம் தெருமுனைப் பள்ளியில் நடந்த வாக்குப்பதிவிலும் இடமில்லை. இப்படி இரண்டு ஊரிலும் வாக்கில்லாமல் போவதைத் தவிர்க்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் முதல் அடியை வாக்காளரே எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டு முறையின் தன்மை.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பிய குடிமகனோ குடிமகளோ, தாம் வழக்கமாக வசிக்கும் தொகுதியின் பட்டியலில் பெயர் சேர்க்க உரிமை உடையவர். ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்று 20ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. தற்காலிகமாக வெளியூர் போவதால் மட்டும் ஒருவர் தம் ஊரின் வாக்காளர் என்ற நிலையை இழப்பதுமில்லை. ஆகவே மூன்று மாத வேலைக்காக ஒயிட்ஃபீல்டில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளியின் வாக்கு தருமபுரியிலேயே இருக்கலாம். குடும்பத்தோடு அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ நிலையாகக் குடியிருப்பவரின் வாக்கு இருக்க வேண்டிய இடம் பெங்களூர். ஊரில் பூர்வீக வீடு பூட்டிக் கிடப்பது அதற்குத் தடையில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பெற்றோரின் முகவரி, விடுதி முகவரி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளத் தேர்தல் ஆணையம் அனுமதிக்கிறது.

இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ள மட்டும் இடமில்லை. 17ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வேறெங்கும் என் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதி அளித்தால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஜெர்மனியில் இதே சிக்கல் எப்படித் தீர்கிறது என்பதைப் பார்த்தால், நம் முறையில் சுமை யார் தலையில் இருக்கிறது என்பது விளங்கும். அங்கே வீடு மாறியவர் இரண்டு வாரங்களுக்குள் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் புது முகவரியைப் பதிய வேண்டும். அவர் குடிவந்திருக்கிறார் என்று வீட்டு உரிமையாளர் எழுத்துமூலம் உறுதி தர வேண்டும்; அது உரிமையாளரின் சட்டக் கடமை. தேர்தலுக்கு 42 நாட்களுக்கு முன் இருக்கும் முகவரிப் பதிவேட்டிலிருந்து உள்ளாட்சி நிர்வாகமே வாக்காளர் பட்டியலை எழுதி, வாக்குச்சாவடி எது என்ற விவரத்தோடு ஒவ்வொருவர் வீட்டுக்கும் கடிதம் அனுப்புகிறது. வாக்காளர் தனியாக எந்த விண்ணப்பமும் எழுதுவதில்லை. இரண்டு ஊரில் வீடு வைத்திருப்பவருக்கு எது முதன்மை வசிப்பிடமோ அங்கேதான் வாக்கு. ஸ்வீடனிலும் மக்கள்தொகைப் பதிவேடுதான் பட்டியலுக்கு அடிப்படை. அதை வைத்திருப்பது வரித்துறை.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போகிறது. பட்டியலில் பெயர் சேர்ப்பதும் கட்டாயம், வாக்களிப்பதும் கட்டாயம். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது 1924 முதல் கட்டாயமாக இருக்கிறது. தக்க காரணமின்றி வாக்களிக்காதவருக்கு 20 டாலர் அபராதம். அதற்கு ஈடாக அரசும் தன் பங்கைச் செய்கிறது: வாக்குப்பதிவு சனிக்கிழமை நடக்கும், தம் மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம், வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குத் தனி மையங்களும் உண்டு. கடமையைச் சொல்லும் அரசு வசதியையும் செய்து தர வேண்டும் என்ற இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவில் பெயர் பதிவு செய்வது பெரும்பாலும் வாக்காளரின் பொறுப்பு, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஓட்டுநர் உரிம அலுவலகத்திலேயே பதிவு செய்யும் வசதியை 1993ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டு வந்தது. நார்த் டகோட்டாவில் முன்பதிவே தேவையில்லை. பிரிட்டனில் மாணவர்கள் வீட்டு முகவரி, கல்லூரி முகவரி இரண்டிலும் பெயர் சேர்க்கலாம், ஆனால் பொதுத்தேர்தலில் ஒரு முறைதான் வாக்களிக்க முடியும். அங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டினர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதால், லண்டனுக்கு வேலைக்குப் போகும் இந்தியக் குடிமக்களுக்கும் அங்கு வாக்கு கிடைக்கிறது.

ஜெர்மனியைப் போல எல்லாரையும் முகவரி பதியச் சொல்வது இந்தியாவுக்கு எளிதன்று. வாடகை வீட்டில் இருப்போரின் பெயரை எங்கும் எழுதித்தர நம் வீட்டு உரிமையாளர்கள் எவ்வளவு தயங்குவார்கள் என்பது பெங்களூரில் வாடகைக்கு இருந்த யாருக்கும் தெரியும். ஆனால் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., வீடு வீடாக வந்து விசாரிக்கும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வேலை ஒழுங்காக நடந்தால், வாக்காளரின் சுமையில் பாதி குறையும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். ஏற்கெனவே தமிழ்நாட்டில் பெயர் இருப்பவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. பலரும் தவறாகப் புதிய வாக்காளருக்கான படிவம் 6ஐ நிரப்பிவிடுகிறார்கள். அதில் வேறெங்கும் பெயர் இல்லை என்ற உறுதிமொழி இருப்பதால், அது மேலே சொன்ன 31ஆம் பிரிவின் சிக்கலில் கொண்டுபோய் விடும். படிவம் 8ஐத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ செயலியிலோ நிரப்பலாம், தாளில் எழுதி பி.எல்.ஓ.விடமும் கொடுக்கலாம். பழைய அடையாள அட்டை எண் அப்படியே தொடரும். பெங்களூரில் பெயர் சேர்ந்தபின் பழைய தொகுதிப் பட்டியலிலிருந்து அதை நீக்கும் பணியை அதிகாரிகளே செய்ய வேண்டும். ஆனாலும் சில வாரங்கள் கழித்து இரண்டு பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

முகவரிச் சான்றில்தான் பெங்களூர் வாடகைதாரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இங்கே வழக்கமாகப் போடப்படும் 11 மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்கும், சார்பதிவாளரிடம் பதிவாகியிருக்காது; படிவமோ பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கிறது. மின்கட்டண ரசீதும் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எளிய வழி, ஆதாரிலோ வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகத்திலோ முதலில் பெங்களூர் முகவரியை மாற்றிக்கொண்டு, அதைச் சான்றாக வைப்பது. படிவம் கேட்கும் சான்று எதுவுமே இல்லை என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியாது. நேரில் வந்து விசாரித்து முடிவெடுக்க வேண்டும். கூரையே இல்லாமல் தெருவோரம் படுப்பவருக்கும், இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்து பெயர் சேர்க்கும் நடைமுறை உண்டு.

வாக்கை மாற்றினால் ஊரோடு உள்ள தொடர்பே அறுந்துவிடும் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. பூர்வீகச் சொத்தின் உரிமை வாக்காளர் பட்டியலைச் சார்ந்ததன்று. சாதிச் சான்றிதழுக்கு உரிய விதிகள் வேறு, குடும்ப அட்டைக்கு உரிய விதிகள் வேறு. வாக்காளர் பட்டியலில் முகவரி மாறுவதால் மட்டும் அவை ரத்தாவதில்லை. மாறாக, இங்கே பெயர் சேர்வதால் சட்டமன்றம், மக்களவை இரண்டுக்கும் வாக்கு கிடைப்பதோடு, சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு தயாராகும் மாநகராட்சிப் பட்டியலிலும் இடம் கிடைக்கிறது. 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெங்களூர் மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும் நிலையில், குப்பை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றுக்கு யாரைப் பொறுப்பாக்குவது என்பதைத் தீர்மானிக்கப்போகும் வாக்கு அதுதான்.

2022 டிசம்பரில், வெளியூரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளைக் கையாளும் வடிவமைப்பு அது. எதிர்க்கட்சிகள் பல கேள்விகளை எழுப்பின. அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஊர்ப் பட்டியலிலேயே சட்டப்படி தொடர்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி, சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் ஊதியப் பிடித்தம் இல்லாத விடுமுறை தர வேண்டும். தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்போருக்கும் இது பொருந்தும் என்று ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், 15 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடமும், அங்கும் சாதகமாக அமையாவிட்டால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது என்பதால், தேர்தல் தேதி அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடாமல் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். சந்தேகங்களுக்கு அழைக்க வேண்டிய எண் 1950.